ஏட்டில் சட்டம்! ஆற்றில் படகு!

2023-ம் ஆண்டு மே மாதம் 7-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை.

கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் தானூர் என்று ஓர் ஊர். அங்கே ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்திருந்தார்கள். சூரியன் மறைந்துவிட்டது. அதற்கு மேல் உல்லாசப் படகு விடக்கூடாது என்பது விதி. ஆனாலும் ஒரு மாடிப் படகு கிளம்பியது.

கிளம்பிய சிறிது நேரத்தில் கவிழ்ந்தது. 22 பேர் பிணமானார்கள். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் 11 பேர்!

அது மீன் பிடிப்பதற்காகக் கட்டிய படகு. பிறகு அதை மாற்றி, மாடி வைத்து, டிக்கெட்டு விற்றார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். பலர் லைப் ஜாக்கெட் போடவில்லை.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1917-ம் ஆண்டு வந்த படகுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-ம் ஆண்டு பாராளுமன்றம் புதுச் சட்டமே கொண்டு வந்தது. எந்திரப் படகு என்றால் அதைப் பரிசோதிக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டும். ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

எழுதியது ஏன் நடக்கவில்லை? இதில் இரண்டு கட்சி உண்டு. "மீறுகிறவனைப் பிடித்து உள்ளே போடு" என்பது ஒரு கட்சி. "ஒருவரும் மதிக்காத விதியை வைத்துக்கொண்டு என்ன பயன்? மாற்று" என்பது மற்றொரு கட்சி.

இரண்டு கட்சியும் எல்லா விதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகின்றன. அதுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

மாடிக்கு ஏன் ஓடுகிறோம்?

ஆள் கணக்கை எடுத்துக்கொள்வோம். "நாலு பேர் கூட ஏறினால் என்ன, படகு தாங்காதா?" என்று கேட்கிறோம். தாங்கும். மூழ்காது. ஆனால் கவிழும்!

தலையில் குடம் வைத்து நடக்கும் பெண்ணைப் பாருங்கள். இடுப்பில் இருக்கும் குடத்தைவிடத் தலையில் இருக்கும் குடம் சீக்கிரம் ஆடும். படகும் அப்படியே. பாரம் அடியில் இருந்தால் நிலையாக நிற்கும். எல்லோரும் மாடிக்கு ஏறினால் தள்ளாடும். அந்த நேரத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் தீர்ந்தது.

தேக்கடி ஏரியில் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. கரையில் காட்டு விலங்குகளைக் கண்டதும் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள். காட்டுக்குப் போகிறவர் விலங்கைப் பார்க்கத்தானே போகிறார்? அதையும் தாங்குகிற மாதிரி படகு இருக்க வேண்டும். ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும்.

இந்த விதியில் தாட்சண்யமே கூடாது. லைப் ஜாக்கெட்டும் அப்படித்தான்.

அதைப் போடச் சொன்னால் முகம் சுளிக்கிறோம். முந்தி போட்டவருடைய வேர்வை காய்ந்திராது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் போட்டிருக்கிறேன். படம் பிடிக்கும்போது கழற்றியும் இருக்கிறேன்! பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டிவிடுவதும் உண்டு. தண்ணீரில் விழுந்தால் சட்டை மேலே வரும், குழந்தை கீழே நழுவும். 2024-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி குஜராத்தில் வதோதரா நகரத்து ஏரியில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். அதிலும் அளவுக்கு மேல் ஆட்கள்தான்.

மாற்ற வேண்டியது எது?

நம்முடைய பழவேற்காட்டுக்கு வாருங்கள். சென்னைக்கு வடக்கே உள்ள பெரிய உப்பு நீர் ஏரி. 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை போட்டார்கள். தடையை மீறிப் படகு விடுவதாகப் பின்னாலும் செய்திகள் வந்தன.

ஏன் வராது? ஏரியைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். மீனவரிடம் படகு இருக்கிறது. வலையில் மீன் விழாத நாளில் நாலு காசு கிடைக்கிறது. தடை இருப்பதால் எல்லாம் மறைவில் நடக்கும். மறைவில் ஓடும் படகை யார் பரிசோதிப்பார்? லைப் ஜாக்கெட் இருக்கிறதா என்று யார் கேட்பார்?

இந்த மாதிரித் தடையைத்தான் மாற்ற வேண்டும். மீனவருக்கே லைசென்சு கொடுக்கட்டும். பத்திரமான தடம் எது, முகத்துவாரத்தில் எது வரை போகலாம் என்று குறிக்கட்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் நிறுத்தட்டும்.

இன்னொரு சங்கதி. 2002-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி கேரளாவில் குமரகம் அருகே சர்க்கார் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அதில் போனவர்கள் பலர் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதப் போனவர்கள். பரீட்சைக்கு நேரமாகிறது, "இடமில்லை, இறங்கு" என்றால் இறங்குவார்களா? அங்கே இன்னொரு படகு விட்டிருக்க வேண்டும். மாற்றுப் படகு இல்லாத ஊரில் ஆள் கணக்கு விதி வெறும் காகிதம்தான்.

எண்ணுவது யார்?

விபத்து நடந்த பிறகு சொந்தக்காரரையும் ஓட்டியவரையும் கைது செய்கிறார்கள். விசாரணைக் கமிஷன் போடுகிறார்கள். படகு கிளம்புவதற்கு முன்னால் துறையில் நின்று ஆட்களை எண்ண ஓர் உத்தியோகஸ்தர் இருந்திருந்தால் இதில் பாதிச் செலவு கூட ஆகியிராது. படகுக்காரரிடம் கூலி வாங்காதவராக அவர் இருக்க வேண்டும்.

அவர் வராத துறைகளும் இருக்கும். அதனால் படகின் பக்கவாட்டில், ஓர் அடி உயர எழுத்தில், வெள்ளை வர்ணத்தில், "இத்தனை பேர்" என்று தமிழில் எழுதி வைக்கட்டும். 20 என்று எழுதியிருந்தால், 21-வது ஆளாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கால் வைக்கும் தாய்க்கும் அது கண்ணில் படும்.