படம் எடுப்பவரின் பொறுமை

ஒளிப்படக் கலையின் உயிர் கருவியில் இல்லை. எதிரே அமர்ந்திருப்பவரின் கூச்சத்தைப் போக்குவதில் இருக்கிறது என்பது என் கருத்து. ஹைதராபாத் நிஜாமின் அரசவை ஒளிப்படக் கலைஞரான ராஜா தீன்தயாள் இதனை நன்கு அறிந்திருந்தார். 1892ஆம் ஆண்டு அந்நகரில் பெண்களுக்கெனத் தனி நிழற்பட நிலையம் ஒன்றை அவர் அமைத்தார். ஆடவர் நுழைய இயலாத அவ்விடத்தில் ஒரு பெண்மணியே படம் எடுத்தார். திரைக்குப் பின்னே வாழ்ந்த மகளிரும் தயக்கமின்றி அங்கு அமர்ந்தனர். அக்காலத்தில் படம் பதிந்தது கண்ணாடித் தகட்டில். தகட்டை வீணாக்க எவர்க்கும் மனம் வராது. எனவே, எடுக்குமுன் நெடுநேரம் நோக்கினர்.

இன்றோ ஒரு திருமணத்திற்கு ஆயிரக்கணக்கான படங்கள்! மாலை மாற்றும் மணமக்களை நிறுத்தி, "இன்னொரு முறை மாற்றுங்கள்" என்று கேட்பதை என்னால் ஏற்க இயலவில்லை. முதன்முறை முகத்தில் தோன்றிய நாணம் மறுமுறை வருமா? தேர்ந்த கலைஞர் உறவினரை மறைத்து நிற்கமாட்டார். ஒளி விழும் பக்கம் அறிந்து, ஓரமாகக் காத்திருப்பார். மகளை வழியனுப்பும் தந்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் நொடி அவருக்கே கிட்டும். பந்தலின் மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியையும் அவர் தனியே ஒரு படம் எடுத்துவைப்பார். சில ஆண்டுகள் சென்றபின் வீட்டார் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.