இரண்டு ஒலி சேர்ந்தும் மெலிவதேன்?

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து இசைக்குழு இளைஞர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கின்றார். இரண்டாண்டுச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய டிஜிட்டல் கிற்றார்ப் பெட்டியில் இரண்டு ‘அம்ப்’ ஒலிகளைக் கலந்து வைத்திருக்கின்றாராம். அடுத்த காம்பிராவினரின் உறக்கம் கெடாதபடி செவியில் ஹெட்போனை மாட்டி வாசிக்கையில் நாதம் மலையளவு நிறைந்து ஒலிக்கின்றது. கோயில் திருவிழா மேடையிலோ தகரத்தைத் தட்டினாற்போல் மெலிந்துவிடுகின்றது. “பெட்டியை விற்றுவிடலாமா?” என்று வினவுகின்றார்.

வேண்டாம், அன்பரே. பெட்டியில் குறையில்லை.

இத்துறை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். அம்ப் என்பது கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குரலுண்டு. பென்டர் தெளிந்து ஒலிக்கும். மார்ஷல் கரகரத்து முழங்கும். (1960களின் தொடக்கத்தில் இலண்டனில் பிறந்த முதல் மார்ஷல், பென்டரின் அமைப்பைப் பார்த்தே செய்யப்பட்டது என்பது வேடிக்கை.) லைன் 6 நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ஹீலிக்ஸ் போன்ற பெட்டிகள் இவ்வொலிகளைக் கணக்கீட்டாலேயே உருவாக்குகின்றன. கிற்றாரின் ஒலி உள்ளே இரு பாதையாகப் பிரிந்து, பாதைக்கொரு அம்ப்பினூடே சென்று, முடிவில் மீண்டும் ஒன்றுகூடும்.

கூடுமிடத்திலேதான் வினை இருக்கின்றது. ஒலி ஓர் அலை. ஓரலை மேலெழும் கணத்தில் மற்றது கீழிறங்குமாயின் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு பாதை மற்றதினும் ஆயிரத்தில் ஒரு செக்கன் பிந்தினாலே போதும். செக்கனுக்கு 500 அதிர்வுள்ள ஒலி ஏறத்தாழ அழிந்துபோகும். முதற் கம்பியின் ஏழாம் மெட்டில் பிறக்கும் சுரம் ஏறக்குறைய அதுவே. அந்தச் சிறு பிந்தல் எங்கிருந்து வருகின்றது? ஒலிவாங்கி ஒன்றை 34 சென்ரிமீற்றர் பின்தள்ளி வைத்தாலே வந்துவிடும்.

ஹெட்போனில் ஓரொலி இடச்செவிக்கும் மற்றது வலச்செவிக்கும் போவதால் அவை மோதுவதில்லை. மேடையிலோ இரண்டும் ஒரே கம்பி வழியாக ஒரே ஒலிபெருக்கியில் சங்கமிக்கின்றன. அன்பர் லயத்தில் கேட்டது ஒன்று. ஊரார் கேட்டது வேறொன்று.

பரிகாரம் எளிது. முதலில், இரு பாதைகளையும் இடம் வலமென்று ஒதுக்காமல் நடுவில் நிறுத்தி, வீட்டிலேயே ஒற்றை ஒலியாகக் கேட்டுப் பழகுக. அடுத்து, கலக்குமிடத்தில் இரண்டாம் பாதையின் அலையைத் தலைகீழாக்கும் வசதி இருக்கும். மாற்றி மாற்றிக் கேட்டு, எந்நிலையில் அடித்தொனி தடித்து வருகின்றதோ அதனையே கொள்க. இவையெல்லாவற்றினும் நமக்கு உகந்த வழி ஒன்றுண்டு: இரு அம்ப்களையும் முதலில் கலந்து, ஒலிப்பேழையையும் ஒலிவாங்கியையும் அதன் பின்னர் ஒன்றே ஒன்றாக வைத்துவிடுவது. அவற்றால் வரும் பிந்தல் பிறக்கவே இடமிராது.

அளவிலும் சமன் வேண்டா. தேயிலை கலப்போர் நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய மணத்தையும் தாழ்நிலத் தேயிலையின் கருஞ்சாயத்தையும் பாதிக்குப் பாதி என்று கண்ணைமூடிக் கொட்டுவதில்லை. ஒன்று சாயத்துக்கு, ஒன்று மணத்துக்கு. அவ்வாறே தெளிந்த அம்ப்பை முதன்மையாக்கி, கரகரப்பை 6 டெசிபெல் அளவு தாழ்த்துக. அப்போது ஒன்று மற்றொன்றை முற்றாக விழுங்க இயலாது. கரகரப்பின் அடித்தொனியை 150 அதிர்வுக்குக் கீழே வெட்டிவிட்டால் இன்னும் நன்று. கோயிலில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி அந்த அடித்தொனியை எப்படியும் வெளிவிடாது. அதற்காகப் பெட்டியைக் கடிந்து பயனில்லை.

திருவிழாவன்று சனம் கூடுமுன்னரே மேடைக் கம்பியைச் செருகி, அந்த ஏழாம் மெட்டை ஒருமுறை வாசித்துப் பார்க்குக. குழுவினருள் ஒருவர் மேடையை விட்டிறங்கி, தப்படிப்போர் நிற்குமிடத்திலிருந்து கேட்டுச் சொல்லட்டும்.