இறக்குமதி பிரஷ்ஷும் ஒரே அச்சு பாரதியும்

டிசம்பர் 11 வந்தா எட்டயபுரத்துல கட்டுற ஃப்ளெக்ஸ் எல்லாத்தையும் ஒரு நடை பாத்துட்டு வாங்க. அத்தனையிலும் ஒரே பாரதி. முண்டாசும் மீசையும் ஒண்ணா இருக்கிறதப் பத்தி நான் பேசல, அது அவரோட அடையாளம். நான் சொல்றது பின்னால தெறிச்சிருக்கிற அந்தக் கறுப்பு மையை. எல்லா போர்டுலயும் அதே தெறிப்பு, அதே இடத்துல அதே மூணு சொட்டு. எவனோ ஒருத்தன் எந்த ஊர்லயோ மையைத் தெறிச்சு, ஸ்கேன் பண்ணி, பிரஷ் பேக்னு போட்டிருக்கான். நம்ம பயலுக அத இறக்கி, பாரதி தலைக்குப் பின்னால ஒரு கிளிக். முடிஞ்சது கலை!

உடனே ஒரு கோஷ்டி கிளம்பி வரும். "அதான் அப்பவே சொன்னோம், கம்ப்யூட்டர்ல வரைஞ்சா உயிர் இருக்காது." அய்யா, கொஞ்சம் பொறுங்க. நான் உங்க கட்சியும் இல்ல. குத்தம் கம்ப்யூட்டர் மேல இல்ல. பிரஷ்ஷுக்குள்ள என்ன இருக்குன்னு திறந்தே பாக்காத சோம்பேறித்தனம் மேல.

பக்கத்துக் கோவில்பட்டிக்கு வருவோம். காலண்டர் சாமி படங்களுக்குப் பேர் போன கொண்டையராஜு (1898-1976) வந்து தங்கி வேல பாத்த ஊர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், நாடகக் கம்பெனிக்குத் திரை வரைஞ்சவர். அப்புறம் அதே கை, சிவகாசியில அச்சாகிற காலண்டருக்கு மீனாட்சி கல்யாணம் வரைஞ்சது. யோசிச்சுப் பாருங்க, கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவன் கண்ணுக்குத் தெரியணும்னு வரையிற திரைக்கு ஒரு பிரஷ், அம்மன் கண் இமைக்கு ஒரு பிரஷ். ரெண்டையும் ஒண்ணாலயே இழுக்க முடியுமா? வேலைக்குத் தக்கன பிரஷ்ஷப் பதப்படுத்துறது ஓவியனோட வேலையில பாதி. அந்தப் பாதிய நாம வெளியூர்க்காரனுக்குக் குத்தகைக்கு விட்டாச்சு.

டிஜிட்டல்ல பிரஷ்ங்கிறது என்ன? ஒரு முத்திரை. அத வரிசையா குத்திக்கிட்டே போனா அதான் கோடு. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் எவ்வளவு தூரம்ங்கிறதுதான் ஸ்பேசிங். ஃபோட்டோஷாப்ல சாதா வட்ட பிரஷ்ஷுக்கு இது 25 சதவீதம். பட்டையான முனைக்கு இதையே வெச்சுக்கிட்டு வளைவு போட்டா ஓரம் படிப்படியா வெட்டின மாதிரி நிக்கும். அத அஞ்சாக்குங்க, வழுக்கிக்கிட்டு ஓடும். பழைய கம்ப்யூட்டர்னா பெரிய பிரஷ் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். இத ஒருத்தரும் தொடுறதில்ல. "பிரஷ் சரியில்ல, வேற பேக் இருக்கா?"ன்னு கேக்குறாங்க. என்னத்தச் சொல்ல!

அடுத்து அழுத்தம். டப்பா மேல 8192 லெவல்னு போட்டிருக்கான்னு சந்தோசமா டேப்லெட் வாங்குறோம். நல்லது. ஆனா உங்க கை கனமான கையா, லேசான கையா? அது டேப்லெட்டுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். கிரிட்டாவுல அதுக்குன்னே அழுத்தக் கோடு இருக்கு. அழுத்தி எழுதிப் பழகின கைன்னா அதன் நடுவக் கீழ இழுத்து விடுங்க. அப்பதான் மெல்லிசுக் கோடு மெல்லிசா விழும். கிரிட்டா இலவசம் வேற, காசில்லன்னு சொல்லித் தப்பிக்க முடியாது :-)

கன்னத்துல மினுமினுப்பு வரலைன்னு புலம்புறவங்களுக்கு ஒண்ணு. ஒபாசிட்டி வேற, ஃப்ளோ வேற. ஒபாசிட்டி ஒரே இழுப்புல இதுக்கு மேல ஏறாதேன்னு போடுற வரம்பு. ஃப்ளோ, ஒவ்வொரு குத்துலயும் எவ்வளவு வண்ணம் இறங்கணும்ங்கிறது. ஃப்ளோவக் குறைச்சு அழுத்தத்தோட கட்டி விட்டா, காலண்டர் அம்மன் முகம் மாதிரி நிழல் மெல்ல மெல்ல ஏறும். இதுக்குத் தனி 'ஸ்கின் பிரஷ்' வித்துக்கிட்டிருக்காங்க, நாமளும் வாங்கிக்கிட்டிருக்கோம்!

ஸ்டெபிலைசர நெனச்சாத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. நடுங்குற கைக்கும் நீள வளைவுக்கும் அது வேணும், ஒத்துக்கிடுதேன். ஆனா அத உச்சத்துல வெச்சுட்டு மீசை வரைஞ்சா அது பாரதி மீசையா? எண்ணெய் தடவி இழுத்துவிட்ட ஒயர் மாதிரி இருக்கு.

அப்ப அடுத்தவன் பிரஷ்ஷத் தொடவே கூடாதாங்கிறீங்களா? தொடலாம். கைல் வெப்ஸ்டர்னு ஒரு அமெரிக்க ஓவியர், தன் வேலைக்காக பிரஷ் செஞ்சு செஞ்சு சேத்தவர். 2017ல அடோபி அத மொத்தமா வாங்கிச்சு, ஆயிரத்துக்கும் மேல. அருமையான பிரஷ்கள்தான். ஆனா அவர் கை அழுத்தத்துக்கும் அவர் வேலைக்கும் தச்ச சட்டை. வாங்குங்க, பிரிங்க, உங்க உடம்புக்குப் பிடிச்சுத் தைங்க. அப்படியே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா தொளதொளன்னுதான் இருக்கும்.

இதுல நிஜமான இழப்பு வேற இடத்துல. ஃப்ளெக்ஸ் வந்து வேலைய இழந்த போர்டு எழுதுற அண்ணாச்சிமார் இன்னமும் நம்ம ஊர்ப்பக்கம் இருக்காங்க. பட்டை பிரஷ்ஷ அவங்க பிடிக்கிறதப் பாத்திருக்கீங்களா? ஒரே சாய்வுல பிடிச்சு இழுத்தா தடிப்பும் மெலிசும் தானா வருது. 'ழ'வுல வளைவு வர்ற இடத்துல விரலுக்குள்ள பிரஷ்ஷ உருட்டுவாங்க, கோடு ஒரே தடிமனா திரும்பும். ரெண்டுக்கும் கிரிட்டாவுல இடம் இருக்கு. எஃப்5 அமுக்குங்க, ரொட்டேஷனுக்குப் போங்க. அங்க டிராயிங் ஆங்கிளைப் போட்டா முனை கோட்டோட சேர்ந்து திரும்பும், எடுத்துட்டா சாய்வு அப்படியே நிக்கும். நம்ம சாதா பேனாவுக்கு விரல்ல உருட்டினா தெரியாது, அதனால ரெண்டு பிரஷ்ஷா செஞ்சு வெச்சு மாத்திக்கிடணும்.

எந்தச் சாய்வு, எங்க உருட்டணும், எங்க நிறுத்தணும்ங்கிற கணக்கு இங்கிலீஷ் எழுத்துக்குச் செஞ்ச எந்த பேக்குலயும் கிடையாது. அது அண்ணாச்சி விரல்ல இருக்கு. கடைக்கு ஒரு நாள் கூப்பிடுங்க, டீ வாங்கிக் குடுங்க, டேப்லெட்ட அவர் கையில குடுங்க. "பேனா வழுக்குதே தம்பி"ன்னுவாரு. ஒரு தாள ஒட்டி விடுங்க. அவர் 'ழ' போடுறப்ப நீங்க எஃப்5 ஜன்னலத் திறந்து வெச்சுக்கிட்டு, அவர் சரிங்கிற வரைக்கும் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வாங்க.