கடலில் விழும் புள்ளி நல்லது

ஜிபிஎஸ் தரவோடு மல்லுக்கட்டும் நம் எல்லோருக்கும் ஒருமுறையாவது சென்னை வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கும். பைதானில் ஃபோலியம் நூலகம் கொண்டு வரைபடம் வரைகிறோம். அதற்கு அடியில் இயங்கும் லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். ஜியோஜேசன் கோப்போ தீர்க்கரேகையை முதலில் எழுதும். 13.08, 80.27 என்பதை 80.27, 13.08 என்று கொடுத்துவிட்டால், சென்ட்ரல் ரயில் நிலையம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே கடலில் மிதக்கும். சிரித்துவிட்டு, வரிசையை மாற்றிவிட்டு, வேலையைத் தொடர்வோம். மதிப்பு இல்லாத பதிவுகள் 0, 0 ஆகி கினி வளைகுடாவில் குவிவதும் இந்த ரகம்தான். தாமே தண்டோரா போட்டுக்கொள்ளும் பிழைகள் இவை. நம்மைக் கெடுப்பது ஊருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் பிழை.

வண்டிகளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிகள் பலவும் என்எம்இஏ வடிவில் வரிகளை அனுப்புகின்றன. அதில் 1304.95 என்று இருந்தால் 13 பாகை, 4.95 நிமிடம் என்று பொருள். நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் 13.0825. முன்னால் 13 இருக்கிறதே என்று மொத்தத்தையும் 100ஆல் வகுத்தால் 13.0495. அதேபோல் தீர்க்கரேகை 8016.53, 80.2755 ஆகாமல் 80.1653 ஆகிவிடும். சென்ட்ரலில் நிற்கும் பேருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி, வளசரவாக்கம் பக்கம் நிற்பதாகத் திரை காட்டும். அங்கேயும் தெரு உண்டு, பேருந்து உண்டு. யாருக்கும் சந்தேகம் வராது. புள்ளியைத் தொட்டால் வண்டி எண்ணும் நேரமும் வேறு பளிச்சென்று எழும்.

இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் தடயம் ஒன்று உண்டு. நிமிடம் ஒருபோதும் 60ஐத் தொடாது. ஆகவே இப்படிக் கெட்ட தரவில் தசமப் பகுதி 0.6ஐ எட்டவே எட்டாது. சில நேரம் தடமே தாவியும் காட்டிக்கொடுக்கும். 13ஆம் பாகைக் கோடு கிண்டிக்கும் வேளச்சேரிக்கும் இடையே ஓடுகிறது. வண்டி அதைத் தெற்கே கடந்ததும் 1259.9 என்பது 12.599 ஆகும், தடம் ஒரே தாவலில் 44 கிலோமீட்டர் தாண்டி மாமல்லபுரம் பக்கம் விழும். வடசென்னைக்குள்ளேயே சுற்றும் வண்டியில் அந்தத் தாவலும் இருக்காது. அதனால்தான் தடத்தைக் கண்ணால் பார்த்தது போதும் என்று விடக் கூடாது என்கிறோம்.

எதையும் வரையும் முன், நீங்களே நேரில் நின்று குறித்த ஒரு புள்ளியை வரைந்து பாருங்கள். டிப்போ வாசலோ அலுவலகப் படியோ, எதுவானாலும் சரி. அடுத்து, தசமப் பகுதிகள் எங்கிருந்து எங்குவரை பரவியிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு வரி நிரல் போதும்.

இதழுக்கு வரைபடக் கட்டுரை அனுப்புவோருக்கும் ஒரு வேண்டுகோள். இனி கருவி அனுப்பிய மூல வரிகளில் ஒரு பத்தையாவது திருத்தாமல் சேர்த்து அனுப்புங்கள். சென்ட்ரல் சென்ட்ரலில்தான் இருக்கிறதா என்று நாங்களும் ஒருமுறை வகுத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

— ஆசிரியர்