கோலாவுக்குச் சுத்த அமிலம், நம்ம வயலுக்கு அழுக்கு அமிலமா?



டி.ஏ.பி. மூட்டையைப் புரட்டிப் பாருங்கள். 18-46 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். தழைச்சத்து 18, மணிச்சத்து 46. அந்த மணிச்சத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு என்ன வருகிறது என்று எழுதியிருக்கிறதா?

மணிச்சத்து பாறையிலிருந்து வருவது. மொராக்கோ, செனகல், ஜோர்டான் பாறையைத் தூளாக்கிக் கந்தக அமிலம் விட்டால் பாஸ்பாரிக் அமிலம் பிரியும். அதோடு அம்மோனியா சேர்த்தால் டி.ஏ.பி. பாறையில் கிடந்த காட்மியம், யுரேனியம், ஆர்சனிக்கும் கொஞ்சங்கொஞ்சம் அமிலத்தில் கரைந்து வந்துவிடுகின்றன. இதிலே நமக்கு வில்லங்கம் காட்மியம்தான். மக்காது, ஆவியாகாது. போடப்போட மண்ணில் சேரும். புளிப்பு மண்ணாக இருந்தால் பயிர் கூடுதலாக இழுக்கும். சாப்பிடுகிறவர் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கிய நோய் காட்மியத்தால் வந்தது என்று 1968-ல் அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. அது சுரங்கக் கழிவு. உரத்தில் வருவது அதைவிட ரொம்பக் குறைவு. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நாம போகத்துக்குப் போகம் போடுகிறோமே!

எடுக்க வழியில்லையா? இருக்கிறது. மண்ணெண்ணெய் மாதிரி தண்ணீரோடு ஒட்டாத ஒரு கரைப்பானை அமிலத்தோடு கலக்குவார்கள். அமிலம் கரைப்பானுக்குள் ஏறிக்கொள்ளும். உலோக அழுக்கு தண்ணீர்ப் பக்கமே நின்றுவிடும். கரைப்பானைத் தனியாகப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவினால் சுத்த அமிலம் இறங்கிவிடும். கரைப்பான் மறுபடியும் உதவும். கோலா பானத்தில் சேர்க்கிற அமிலம் பெரும்பாலும் இப்படிச் சுத்தம் பண்ணியதுதான். அமெரிக்காவில் புளோரிடாவிலே 1970-களின் கடைசியிலிருந்து உர ஆலை அமிலத்திலிருந்து யுரேனியத்தையே கரைப்பான் போட்டுப் பிரித்தெடுத்தார்கள். காசு தருகிற உலோகம் என்றால் மட்டும் எடுக்கத் தெரிகிறது!

செலவாகும் என்பார்கள். ஆகும்தான். நாம கோலா அளவுக்குச் சுத்தம் கேட்கவில்லை. காட்மியத்தை மட்டும் பிடிக்கிற கரைப்பானும் உண்டு, காட்மியம் குறைந்த பாறையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய முத்திரையோடு விற்கும் பாஸ்பேட் உரத்தில், ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் கூடாது என்று 2022 ஜூலை 16 முதல் சட்டம். நம்ம 50 கிலோ டி.ஏ.பி. மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 1.38 கிராம். இதற்குள்ளேயாவது நம்ம மூட்டை இருக்கிறதா? அதைத்தான் கேட்கிறோம். நகரக் குப்பை உரத்துக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு வைக்கத் தெரிந்த அரசுக்கு, டி.ஏ.பி. மூட்டையில் அளவை அச்சடிக்க வைக்க முடியாதா?

காட்மியம் அளவை மூட்டையில் போடு! ஐரோப்பிய விவசாயிக்கு உள்ள வரம்பை எங்களுக்கும் கொடு! சுத்தம் செய்கிற செலவை எங்கள் தலையில் கட்டாதே. 2010 முதல் சத்துக் கணக்கில் கம்பெனிக்குக் கொடுக்கிறாயே மானியம், அதில் நிபந்தனையாக வை!

அக்டோபர் 2 கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுத மறுத்தால் கூட்டம் கலைய விடாதீர்கள்.