பழைய ஃபோர்வீல் வாங்கப் போகிறீர்களா?



பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் ரெங்கம் வட்டாரத்தில் இப்போதெல்லாம் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. "வாத்தியாரே, பழைய ஃபோர்வீல் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கினால் பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்கி வரலாமே" என்று பெற்றோர் கேட்கிறார்கள். காலமெல்லாம் காட்டில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் காசு செலவழித்துக் காட்டில் படுக்கப் போகிறார்களா என்று பாட்டிமார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஆசை நல்ல ஆசைதான். ஆனால் சேமிப்புப் பணம் போகிற காரியம். அதைவிட, வண்டிக்குள் உட்காரப் போவது நம் பிள்ளைகள்.

முதலில் எங்கே போகப் போகிறீர்கள் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். குளுவாங் லம்பாக் மலையடிவாரத்துக்கும் பெலுமுட் மலையடிவாரத்துக்கும் சாதாரணக் கார் போதும். காஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலான பெத்தா கம்பத்துக்குப் போகிற வழி வேறு. ஏறத்தாழ 56 கிலோமீட்டர், செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் கடந்து போகும். ஃபோர்வீலுக்கான மண் பாதை என்றே பேர் பெற்றது. மழை பெய்தால் செம்மண் சவர்க்காரம்போல் வழுக்கும். ஆண்டுக் கடைசிப் பருவமழையின்போது பூங்காவையே மூடிவிடுவது வழக்கம்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு லேண்ட்ரோவர் என்றால் ஒரு மயக்கம். துரை வந்து இறங்கிய வண்டி அல்லவா! 1948இல் அது வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய இரும்புத் தட்டுப்பாட்டால் அதன் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். உடம்பு அவ்வளவாகத் துருப்பிடிக்காது. ஆனால் அதைச் சுமக்கிற சட்டம் இரும்பு. மேலே புதுச் சாயம் பளபளக்கும், கீழே சட்டம் இற்றுப்போயிருக்கும். ஆகவே எந்தப் பழைய ஃபோர்வீலானாலும் ஒரு பாயை விரித்துக் கீழே படுத்து, திருப்புளியின் பிடியால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்றது மொத்தென்று சொல்லும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் வில்பட்டை மாட்டியிருக்கும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அடியில் அண்மையில் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பழைய ஜீப்புகளின் பின்னால் பக்கவாட்டுப் பலகை இருக்கை இருக்கும். "எட்டுப் பேர் தாராளமாக ஏறலாம்" என்பார் விற்கிறவர். பெரும்பாலும் அதில் இருக்கை வார் கிடையாது. வண்டி பள்ளத்தில் சாய்ந்தால் பிள்ளை தூக்கி எறியப்படும். பின்னிருக்கை வாரைக் கட்டாயமாக்கிய விதி நம் நாட்டில் 2009இல் நடப்புக்கு வந்தது. ஹைலக்ஸின் திறந்த பின்தட்டில் பிள்ளைகளை ஏற்றுவதும் கூடாது. தோட்டத்து லோரியில் நின்றுகொண்டு போய்ப் பழகியவர்கள்தாம் நாம். அதற்காகப் பிள்ளைகளையும் அப்படி ஏற்ற வேண்டுமா?

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு என் எண்ணம், கெம்பாரா போதும் என்பதே. பெரோடுவா 1998 முதல் 2007 வரை விற்ற வண்டி, 1,300 சி.சி. இயந்திரம். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். கைக்கியர் வண்டியில் முன் அச்சையும் பின் அச்சையும் சேர்த்துப் பூட்ட ஒரு பொத்தானும் உண்டு. உள்ளூர் வண்டி என்பதால் உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு குறை: மெதுவாக, வலுவாக இழுக்கும் தாழ்கியர் இதில் இல்லை. ஆழ்ந்த சேற்றுக்கும் செங்குத்து மேட்டுக்கும் இதைக் கொண்டுபோகக் கூடாது.

அது வேண்டுமென்றால் பழைய ஹைலக்ஸ், பஜேரோ, சின்ன சுசுக்கி ஜீப் என்று தேட வேண்டும். அவற்றில் இரண்டாவது கியர்த்தண்டு ஒன்று இருக்கும். பல வண்டிகளில் முன்சக்கரக் குடத்தைக் கையால் திருகிப் பூட்டவும் வேண்டும். இதைத் தார்ச்சாலையில் சோதிக்காதீர்கள், பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். மண் பாதையில் தாழ்கியர் போட்டு இறக்கத்தில் காலை எடுத்துப் பாருங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் அந்த வண்டி வேண்டாம். அச்சுப்பெட்டி எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரிய டீசல் வண்டிக்காரர்கள் எண்ணெய்ச் செலவையும் கணக்குப் பாருங்கள். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10இல் பொது மானியத்தை எடுத்தபோது லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது.

நம் ஜொகூரில் 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும், பிறகு 2023 மார்ச்சிலும் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கை வாரைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

கையில் 15,000 வெள்ளி இருந்தால் 10,000க்குள் வண்டி பாருங்கள். மீதி டயருக்கும் பட்டறைக்கும் நிச்சயம் போகும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 1215 என்றால் 2015ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த வயது டயரை நம்பி பெத்தாவுக்குக் கிளம்பாதீர்கள். கிளம்பும்போதும் தனி வண்டியாகப் போகாமல், இழுகயிறுடன் இன்னொரு குடும்பத்தின் வண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.