கோபுரம் கட்டுவோர் கணக்குப் பார்க்கட்டும்

சிமெண்டைக் குறைத்துக் கட்டுங்கள் என்று தஞ்சை மண்ணில் யாராவது சொன்னால், நம் மக்கள் முதலில் கேட்பது, "அப்ப மறுபடியும் கீத்துக் கொட்டகைக்குள்ளே போகச் சொல்றீங்களா?" என்பதுதான். நியாயமான கேள்வி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று நாகைக் கடற்கரையைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தென்னைகளோடு குடிசைகளையும் சாய்த்தது. இத்தனையும் பார்த்த மக்களுக்குக் கான்கிரீட் கூரை ஆடம்பரம் அல்ல. மழை இரவில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அச்சமின்றித் தூங்குவதற்கான உறுதி அது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தை நாம் வரவேற்கக் காரணமும் இதுவே.

ஆனால் சிமெண்டின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரி மட்டும் இதற்குக் காரணம் அல்ல. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுடும்போது, அந்தக் கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயுவே வெளியேறுகிறது. பாதிக்கு மேல் அப்படி வருவதுதான். இந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த அந்த நிலத்தின் சிப்பியும் சுண்ணாம்பும்தான் இன்று மூட்டை மூட்டையாக நம் ஊர்களுக்கு வந்து இறங்குகின்றன. 50 கிலோ சாதாரண சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயு. ஆயிரம் மூட்டை என்றால் 40 டன். இப்படிச் சேரும் வாயுவால் கடல் மட்டம் உயர்ந்து, உப்புநீர் உள்ளே ஏறும்போது முதலில் பாதிக்கப்படுவது நம் கடைமடை விவசாயிதான்.

அப்படியானால் யார் குறைப்பது? குடிசையில் இருப்பவர் இப்போதுதான் முதல் மூட்டையை வாங்குகிறார். அவரிடம் போய்ச் சிக்கனம் பேசுவது நீதியாகாது. தேவைக்குமேல் கட்டுகிறவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வரிசையில், சொல்லச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும், நம் பங்குகளும் நிற்கின்றன. பொன்விழா வந்தால் நுழைவாயில் வளைவு, நூற்றாண்டு வந்தால் புதிய ஆலயம், இடையில் கெபிகள், கலையரங்கம். பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட நம் ஊர்க் கோபுரம் பத்தடி உயர வேண்டும் என்ற ஆசை வேறு! கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் சொன்னதை (லூக்கா 14) நிதிக்குழுக்கள் பணக் கணக்காக மட்டுமே வாசிக்கின்றன.

இவற்றில் மிகப் பெரிய இழப்பு, பழைய ஆலயங்களை இடிப்பதுதான். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய 18ஆம் நூற்றாண்டில் போர்ட்லாண்ட் சிமெண்ட் என்ற பொருளே உலகில் இல்லை. 1824இல்தான் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. அன்றைய ஆலயங்கள் செங்கல்லாலும், கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தவை. சுண்ணாம்பைச் சுட்டாலும் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு 900 டிகிரி அளவு வெப்பம் போதும். மேலும், சுவரில் பூசிய சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து அந்த வாயுவில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட சுவரில் ஓதம் ஏறினால் நாம் சிமெண்டைப் பூசுகிறோம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிர்கிறது. பிறகு "கட்டடம் பலமில்லை, இடிச்சுடலாம்" என்கிறார் மேஸ்திரி. தரங்கம்பாடியில் பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பைக் கொண்டே சீரமைத்திருக்கிறார்கள். பேரவை உறுப்பினர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம். 2015இல் வெளியான 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் புதிதாகக் கட்டுவதோடு, இருப்பதைச் செப்பனிடுவதையும் குறிப்பிட்டிருப்பது கவனத்துக்குரியது.

புதிதாகக் கட்டியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே வழிகாட்டி லாரி பேக்கர். திருவனந்தபுரம் லொயோலா வளாகத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் எழுப்பிய சிற்றாலயம், பூசாத செங்கல் சுவரும் காற்று நுழையும் சாளர வேலைப்பாடுமாக இன்றும் பேசப்படுகிறது. கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே. ஓட்டு வீடுகளைப் பிரித்து ஓடுகளை விற்கும் நம் ஊர்களில் இதற்குப் பஞ்சமா?

செங்கல்லுக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. வயலின் வளமான மேல்மண்ணை வெட்டித்தான் காளவாயில் அடுக்குகிறோம். அனல்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் செங்கல்லில் சாம்பலைக் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 1999இலேயே ஆணையிட்டது. சாம்பல் கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை. சாம்பல் தரும் நெய்வேலியும் தொலைவில் இல்லை. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதன் 50 கிலோ மூட்டைக்கு வாயு 30 கிலோ அளவுக்குக் குறையும். அது மெதுவாக இறுகும் என்பதால், தண்ணீர் ஊற்றும் நாட்களில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்.சி.3 என்ற புதுவகைச் சிமெண்டில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஆய்வு செய்துள்ளது. அதற்கு 2023இல் இந்தியத் தர விதியும் வந்துவிட்டது.

ஏழைகளின் வீட்டிலும் குறைக்க ஒரு வழி உண்டு: தரமாகக் கட்டுவது. சுனாமிக்குப்பின் கடலோரத்தில் கட்டித் தந்த வீடுகள் பலவற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. உப்புக்காற்றில் கம்பிமேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடாவிட்டால் அப்படித்தான் ஆகும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு முறை வீடு கட்டினால் கரியமில வாயுவும் இரண்டு மடங்குதான்.

நன்கொடை தருவோர் புதிய ஆலயத்துக்குத் தாராளமாகத் தருகிறார்கள். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு பூசக் கேட்டால் தயங்குகிறார்கள். சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்களோ நம் பகுதியில் வயதானவர்களாகவே இருக்கிறார்கள். சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கட்டட வேலைகள் தொடங்கும். அதற்குமுன் பங்குப் பேரவையில் எஸ்டிமேட் வரும்போது, இடிக்காமல் செப்பனிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டாவது எஸ்டிமேட்டையும், இரண்டுக்கும் எத்தனை மூட்டை சிமெண்ட் என்ற கணக்கையும் இறைமக்கள் கேட்டு வாங்கலாம்.